பெரிய வெள்ளிக் கஞ்சி

உங்கள் கிளினிக்கில் டோக்கன் கொடுத்து வரிசையாகக் கூப்பிடுவது நல்ல ஏற்பாடு, டாக்டரம்மா. போன மாதம் இருமலுக்கு என்று சொல்லி ஸ்ரீரங்கம் வந்து உங்களிடம் காட்டிவிட்டுப் போனேன். முண்டியடித்து உள்ளே நுழைகிறவர்கள் இல்லை, சத்தம் இல்லை. முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சை இழுத்து விடச் சொன்னீர்கள். என் முகத்தைப் பார்த்தீர்கள், அடையாளம் தெரியவில்லை. எனக்கு இருமல் இல்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று பார்க்கத்தான் வந்தேன்.

என் பெயர் அருள்நாதன். திருவெறும்பூரில் ஆலையின் டெஸ்பாட்ச் பிரிவில் குமாஸ்தா. எழுபத்தேழாம் வருஷம் பெரிய வெள்ளியன்று ஆபரேஷன் மேஜையில் நீங்கள் மயக்க மருந்து கொடுத்தபோது இறந்துபோன கிளமென்ட் என் அக்காவின் கணவர். அவருக்குக் கஞ்சி கொடுத்திருப்பதாக நான் முன்பே உங்களிடம் சொன்னேன் என்றும், அவசரத்தில் நீங்கள் காதில் வாங்கவில்லை என்றும் விசாரணையில் முடிவானது. அப்படி யாரும் சொல்லவே இல்லை என்று நீங்கள் கடைசி வரைக்கும் சொன்னீர்கள். யாரும் நம்பவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் ஆபரேஷன் தியேட்டர் பக்கமே போவதில்லை, காய்ச்சலுக்கும் சளிக்கும் மட்டும் பார்க்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

நீங்கள் சொன்னதுதான் உண்மை. நான் உங்களிடம் சொல்லவில்லை. விஷயத்தை முன்னது முன்னாகவும் பின்னது பின்னாகவும் எழுத மருங்காபுரிப் பள்ளிக்கூடத்தில் பழக்கியிருக்கிறார்கள். அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் அம்மா இறந்தபோது எனக்கு நினைவு தெரியாத வயது. அற்புதம் அக்காதான் என்னைத் தூக்கி வளர்த்தது. அக்கா கல்யாணமாகித் திருவெறும்பூர் வந்தபோது சீர்வரிசையோடு நானும் வந்தேன் என்று மச்சான் கேலி பேசுவார். ஆலையில் எனக்கு வேலைக்குச் சொல்லி வைத்தது அவர்தான். குவார்ட்டர்ஸில் பின்பக்கத்து அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்ததும் அவர்தான். சத்தம் போட்டுச் சிரிக்கிற மனிதர். சட்டையைக் கழற்றினால் போட்ட இடத்தில் கிடக்கும். நான் எடுத்து மடித்து வைப்பேன். "மாப்ள, உனக்குச் சோறு போடத்தான்டா உங்கக்காவைக் கட்டுனேன்" என்பார். அக்கா, "ஆமா, இல்லாட்டி உங்களுக்கு யாரு பொண்ணு குடுத்திருப்பா" என்று அடுப்படியிலிருந்து பதில் கொடுக்கும். அவர் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அந்த வருஷம் மார்ச்சில் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. போபாலுக்கு மாற்றல். ஜூன் மாதம் அக்காவையும், நாலாவது படித்துக்கொண்டிருந்த மகள் லூர்துவையும் கூட்டிக்கொண்டு போவதாக முடிவாயிற்று. "நீ ஒரு கல்யாணத்தப் பண்ணிக்க, இல்லேன்னா மெஸ்ஸுல சாப்புடு. இங்க எத்தன பேச்சிலருங்க இருக்கானுங்க" என்றார். அக்கா அன்றைக்கே பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தது. நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

பெரிய வெள்ளியன்று காலையில் மச்சான் சைக்கிளில் தஞ்சாவூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தார். ஒரு வேன் பக்கவாட்டில் தட்டியது. ஹேண்டில்பாரின் நுனி இடது விலாவுக்குக் கீழே குத்திவிட்டது. வெளியே ஒரு கீறல்தான். எழுந்து உட்கார்ந்து பேசினாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. அக்காவும் நானும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தோம்.

ஆஸ்பத்திரியில் நீங்களெல்லாம் வேலை செய்ததை நான் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். அதைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு நிற்கவில்லை. கத்தரியால் கீழிருந்து மேலாக ஒரே வெட்டு. ஆளுக்கொரு கையைப் பிடித்து இரண்டு பக்கமும் ஊசி ஏற்றினார்கள். சர்ஜன் காசிநாதன் சத்தமே போடவில்லை. அவர் ஒன்றைச் சொன்னால், ஸ்டாஃப் நர்ஸ் பொன்னுத்தாய் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செய்தார். வயிற்றைச் சுற்றி டேப் வைத்து அளந்து, டேப் இருந்த இடத்தில் பேனாவால் தோலிலேயே கோடு போட்டார்கள். வயிறு உப்பினால் தெரிய வேண்டும் என்று. பிறகு வயிற்றில் ஓர் ஊசியைக் குத்தி இழுத்தார்கள். சிரிஞ்சில் ரத்தம் வந்தது. "மண்ணீரல் கிழிஞ்சிருக்கு. திறந்து எடுத்துட்டா பொழச்சுக்குவார். ரத்தம் வேணும்" என்று காசிநாதன் அக்காவிடம் சொன்னார்.

ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுபடி சோதித்துப் பார்ப்பதில்லை என்பதையும் கவனித்தேன். நாடி இவ்வளவு என்று ஒருவர் சொன்னால், அந்த எண்ணின் மேலேயே அடுத்தவர் காரியத்தைச் செய்கிறார். அப்படி இல்லாவிட்டால் இந்த வேலை நடக்காது. எங்கள் டெஸ்பாட்சில் ஒரு பெட்டி வெளியே போக நாலு பேர் சரிபார்க்க வேண்டும். இங்கே அதற்கு நேரம் கிடையாது.

அக்காவுக்குச் சோகை என்று அதன் ரத்தத்தை எடுக்கவில்லை. என்னுடையது பொருந்தியது. கொடுத்தேன். அப்போது என் மனசில் எதுவும் இல்லை, டாக்டரம்மா. மச்சான் பிழைக்க வேண்டும் என்றுதான் படுத்திருந்தேன். மாதாவுக்கு வேண்டிக்கொண்டேன். என் ரத்தம் பாட்டிலில் வந்து அவர் உடம்பில் இறங்கியதை நின்று பார்த்தேன்.

தியேட்டர் காலியாக இல்லை. தென்னை மரத்திலிருந்து விழுந்த ஒருவரை மேஜையில் போட்டிருந்தார்கள். விடுமுறை நாள், ஒரு மேஜைதான் ஓடிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை மச்சானைப் பக்கத்து அறையில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டும். சொந்தக்காரர்களில் ஒருவர் மட்டும் கூட இருக்கலாம் என்றார்கள். அக்கா அழுதுகொண்டே இருந்தது. பொன்னுத்தாய் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீங்கதான் நிதானமா இருக்கீங்க. சொல்றத நல்லாக் கேட்டுக்குங்க. வேர்த்துக் கொட்டினாலோ, பேச்சு குழறினாலோ உடனே என்னைக் கூப்பிடணும். தண்ணி தண்ணிம்பாரு. ரத்தம் போனா அப்படித்தான் தாகம் எடுக்கும். இந்தப் பஞ்ச நனைச்சு உதட்டுல மட்டும் ஒத்துங்க. உள்ள ஒரு சொட்டுப் போகக்கூடாது."

"சரிங்க சிஸ்டர்."

"ஏன்னு கேட்டுக்குங்க, அப்பத்தான் மனசுல நிக்கும். மயக்கம் குடுக்கிறப்ப வயித்துல இருக்கிறது எல்லாம் மேல வரும். மூச்சுக்குழாய்க்குள்ள போயிருச்சுன்னா ஆளு அங்கேயே போயிருவாரு. புரியுதா?"

புரிந்தது என்று தலையாட்டினேன். வெளியே போனவர் வாசலில் நின்று திரும்பி, "ஒரு சொட்டுக்கூட" என்று இன்னொரு தரம் சொன்னார்.

நான் ஒழுங்காகத்தான் செய்தேன். பஞ்சை நனைத்து ஒத்தினேன். சலைன் பாட்டில் தீரும் முன்பே போய்ச் சொன்னேன். பொன்னுத்தாய்கூட, "உங்களை மாதிரி ஒரு ஆளு இருந்தா எனக்கு ஒரு நர்ஸ் மிச்சம்" என்றார். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. எனக்கும் அங்கே ஓர் இடம் இருப்பதாகத் தோன்றியது.

ரத்தம் ஏறிய பிறகு மச்சானுக்கு முகம் தெளிந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"என்னடா மாப்ள, உன் ரத்தத்தையா ஏத்துனாங்க?"

"ஆமா மச்சான்."

"போச்சு. இனிமே நானும் சட்டைய மடிச்சு வைக்க ஆரம்பிச்சுருவேன்."

சிரிக்கப் பார்த்தார், விலா வலித்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ஜூனுக்குள்ள எந்திரிச்சுருவேன்ல? டிக்கெட் ரிசர்வ் பண்ணியிருக்குடா" என்றார். எந்திரிச்சுருவீங்க என்றேன். அது உண்மைதான். சர்ஜனே அப்படித்தான் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த அடைக்கலராஜ் தூக்குவாளியோடு வந்தார். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெரிய வெள்ளியன்று ஒருசந்தி இருப்போம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாது. மத்தியானச் சிலுவைப்பாதை முடிந்து, சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்ததும் கோயில் வாசலில் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றுவார்கள். பச்சரிசி, பயறு, தேங்காய்ப்பால் போட்ட கஞ்சி. அக்காவும் நானும் ஆஸ்பத்திரியில் பட்டினியாகக் கிடப்போமே என்று பங்குச் சாமியார் கொடுத்தனுப்பியிருந்தார். அக்கா வேண்டாம் என்றது. நான் தூக்குவாளியை வாங்கி உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

மச்சானுக்கு அந்த வாசனை தெரிந்தது. தாகத்தில் நாக்கு உலர்ந்து போயிருந்தது. அந்தத் தாகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். பிறகு இன்னொன்று. வாயைத் துடைத்துவிட்டேன். இதைத்தான் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரும் எனக்காக அழுதார்கள்.

பிரஷர் மறுபடியும் இறங்க ஆரம்பித்தது. தியேட்டரிலிருந்து ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். பொன்னுத்தாய் இரண்டாவது பாட்டில் ரத்தம் வாங்க ஓடியிருந்தார். நீங்கள் வந்தீர்கள். பச்சை உடை, முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்தீர்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் காலி செய்யலாமா என்று யோசித்துக் குழாயைக் கையிலும் எடுத்துவிட்டீர்கள். மச்சான் தலையைத் திருப்பிக்கொண்டு திமிறினார். என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்:

"கடைசியா எப்ப சாப்பிட்டாரு?"

"நேத்து ராத்திரிங்க டாக்டர். இன்னிக்குப் பெரிய வெள்ளி, ஒருசந்தி."

"தண்ணி, காப்பி, எதாவது?"

"பஞ்சால உதட்ட நனைச்சதோட சரிங்க. சிஸ்டர் சொல்லியிருக்காங்க."

"குட்" என்றீர்கள். குழாயைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டை நீங்களே பிடித்துத் தள்ளிக்கொண்டு போனீர்கள். மச்சான் என்னைப் பார்த்தார். சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை. அல்லது, சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன் என்று சும்மா இருந்தாரோ என்னவோ. அவர் அப்படிப்பட்டவர்தான்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே ஓட்டமும் சத்தமும் கேட்டன. பிறகு சத்தம் நின்றுவிட்டது. நீங்கள் வெளியே வந்தீர்கள். உடையின் முன்பக்கம் எல்லாம் நனைந்து, அதில் பருக்கைகள் ஒட்டியிருந்தன. அக்காவைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தீர்கள்.

"கஞ்சி குடுத்தீங்களா?"

பங்கு ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் அதற்குள் வந்து நின்றிருந்தார்கள். பொன்னுத்தாய் ரத்தப் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அந்தச் சமயத்தில் இல்லை என்று சொல்ல முடியாது. பருக்கை உங்கள் மேலேயே இருந்தது. அதனால், "உங்ககிட்டச் சொன்னேனே டாக்டர்" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். மெதுவாகச் சொன்னதுதான் எடுபட்டது. அடைக்கலராஜ், "சொல்லியும் கவனிக்கலையா?" என்று கத்தினார். நீங்கள் தியேட்டர் வாசல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள்.

பிறகு விசாரணை வைத்தார்கள். கஞ்சி கொடுக்கக்கூடாது என்று எனக்குத் தெரியாது, நர்ஸ் உதட்டை நனைக்கச் சொன்னார், அதற்கு மேல் ஒன்றும் விளக்கவில்லை என்று சொன்னேன். "டாக்டரம்மா அவசரத்துல இருந்தாங்க. அவங்க மேல குறை சொல்ல எனக்கு மனசு வரலைங்க" என்றும் சொன்னேன். அதைக் கேட்டு ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொந்த ரத்தத்தைக் கொடுத்தவன் ஏன் பொய் சொல்லப் போகிறான் என்பதுதான் அவர்கள் எண்ணம். உங்கள் பெயர் போயிற்று. பொன்னுத்தாய்க்கு மெமோ கொடுத்து வேறு வார்டுக்கு மாற்றினார்கள்.

எழுதியதை இப்போது திரும்ப வாசித்துப் பார்த்தேன். ஓரிடத்தில் சரியாக எழுதவில்லை. திருத்துகிறேன்.

மச்சான் கஞ்சி கேட்கவில்லை. தண்ணீர்தான் கேட்டார். தண்ணீர் கொடுக்க ஒரு நிமிஷம் யோசித்தேன். தண்ணீர் போதாது என்று தோன்றியது. கஞ்சியில் பருக்கை இருந்தது. டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"சிலுவை முத்தி செய்யாம கஞ்சி எப்புட்றா குடிக்கிறது?"

"சாமியாரே குடுத்தனுப்பினாரு மச்சான். நோயாளிக்கு ஒருசந்தி கிடையாது."

"அந்த நர்ஸம்மா ஒண்ணும் குடுக்கக்கூடாதுன்னு உன்கிட்டச் சொல்லிட்டிருந்துச்சே. அரைமயக்கத்துல காதுல விழுந்துச்சு."

"கேட்டுட்டேன். கஞ்சித்தண்ணி குடுக்கலாம்னுட்டாங்க."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு குடித்தார். இரண்டாவது டம்ளர் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. நான்தான் கொடுத்தேன். அப்போது அடியில் கிடந்ததைக் கரண்டியால் கலக்கி ஊற்றினேன்.

இப்போது சரியாக இருக்கிறது.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். டிக்கெட் ரிசர்வ் செய்திருப்பதை அவர் சொல்லும்வரை எனக்குத் தெரியாது. அதுதான் காரணம் என்று சொன்னால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆனால் வேறு காரணத்தைத் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. அக்கா இல்லாத வீட்டில் ஒரு நாள்கூட நான் இருந்ததில்லை. மெஸ்ஸில் சாப்பிடுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தட்டை அவர்களே கழுவிக்கொண்டு போவார்கள், யாரும் போதுமா என்று கேட்கமாட்டார்கள். ரத்தம் கொடுத்தபோது அவர் பிழைக்க வேண்டும் என்று நினைத்தவனும் நான்தான். அவர் பிழைத்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் பிழைத்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன்.

அக்காவும் லூர்துவும் என்னோடேயே இருந்துவிட்டார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லூர்துவின் படிப்பு, வைத்தியம், புதுநன்மைச் சடங்கு எதிலும் குறை வைக்கவில்லை. "அப்பன் இருந்தாக்கூட இவ்வளவு பாத்திருக்க மாட்டான்" என்று பங்கில் எல்லோரும் சொல்கிறார்கள். பெரிய வெள்ளி வந்தால் நான் கஞ்சி குடிப்பதில்லை. வாசனை வந்தாலே எழுந்து பின்பக்கத்து அறைக்குப் போய்விடுவேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "தெரியாமத்தானே குடுத்த, விடுடா" என்று முதுகைத் தடவும். அந்தக் கை முதுகில் படுகிற நேரம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமான நேரம். ஆனாலும் எடு என்று நான் சொன்னதில்லை.

எண்பத்திநாலு டிசம்பரில் போபாலில் விஷவாயு பரவியபோது பத்திரிகையை அக்காவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். அக்கா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, "அங்க போயிருந்தா நாமெல்லாம் என்ன ஆயிருப்போமோ" என்றது. அன்றைக்கு ரொம்ப நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டேன். இரண்டு உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன் என்றுகூடத் தோன்றியது. மறுநாள் அப்படித் தோன்றவில்லை. தோன்றியதை மறைக்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

லூர்து இப்போது நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம். போன வாரம் லீவுக்கு வந்தவள் சாப்பிட உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை.

"மாமா, எங்க டியூட்டர் கிளாஸ்ல ஒரு கேஸ் சொன்னாங்க. பேரு ஊரு எதுவும் சொல்லல. பெரிய வெள்ளி, கோயில் கஞ்சின்னாங்க. அப்பாவோட கேஸ்தான்னு எனக்குத் தெரிஞ்சுருச்சு."

"யாரும்மா உங்க டியூட்டர்?"

"பொன்னுத்தாய் சிஸ்டர்."

நான் மோர் ஊற்றிக்கொண்டேன்.

"கூட இருந்தவர்கிட்ட ரெண்டு தரம் சொன்னேன், காரணத்தையும் சொன்னேன், தலையாட்டினாருன்னாங்க. உங்ககிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலன்னுதானே மாமா நீங்க சொன்னீங்க?"

"வருஷம் ஆச்சேம்மா. அவங்களுக்கு மறந்துருக்கும்."

"அவங்க மறக்கல. சொல்றப்பவே அழுதுட்டாங்க."

அக்கா குழம்புச் சட்டியோடு வந்து, "சாப்புடறப்ப என்னடி ஆஸ்பத்திரிப் பேச்சு? மாமாவ விடு. அதுவே வெந்து நொந்து கெடக்கு" என்றது.

லூர்து அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அப்பா மாதிரியே கண். "அந்த மயக்க டாக்டரம்மா ஸ்ரீரங்கத்துல இருக்காங்களாம். அடுத்த ஞாயித்துக்கிழமை போயி நானே கேட்டுட்டு வரேன். நீங்க அவங்ககிட்டச் சொன்னீங்களா இல்லையான்னு அவங்களுக்குத் தெரியும்ல" என்றாள்.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் உங்களிடம் வருவாள். ஒல்லியாக, உயரமாக இருப்பாள். உட்காரச் சொல்லுங்கள், வெயிலில் நடந்து வந்திருப்பாள்.

டாக்டரம்மா, நான் செய்தது கொலை. தெரிந்து செய்தேன். அந்தக் கொலையை உங்கள் தலையில் வைத்ததும் நான்தான். இந்தத் தாள்கள் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீங்கள் எங்கே வேண்டுமானாலும் காட்டலாம். அக்காவின் காலத்துக்குப் பிறகு காட்டினால் போதும் என்பது என் தாழ்மையான எண்ணம். அதுவரை நானும் எங்கும் ஓடிவிடமாட்டேன்.

இத்தனை வருஷமும், நாம் கேட்டோமா, கேட்காமல் விட்டோமா என்று நீங்கள் உங்களையே சந்தேகப்பட்டிருப்பீர்கள். இனி அந்தச் சந்தேகம் வேண்டாம். கேட்டீர்கள், இரண்டு தரம் கேட்டீர்கள். உங்கள் மனசுக்கு அது போதும் என்று நம்புகிறேன். ஊருக்குத் தெரிவதால் போன காலம் திரும்பி வரப்போவதில்லை. உங்களுக்கும் இப்போது நல்ல பிராக்டீஸ் இருக்கிறது, நான் கண்ணால் பார்த்தேன்.

அதனால் ஒரே ஒரு உபகாரம் கேட்கிறேன். லூர்து வந்து கேட்டால், "உங்க மாமா சொன்னாரும்மா, நான்தான் அவசரத்துல கவனிக்கல" என்று மட்டும் சொல்லுங்கள். ஏற்கெனவே எல்லோரும் அப்படித்தான் நம்பியிருக்கிறார்கள். புதிதாக உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பொன்னுத்தாய் சிஸ்டரையும் நான் தனியாகப் பார்த்துப் பேசிக்கொள்கிறேன். படிப்பு முடிந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வேலூர்ப் பக்கம் வேலைக்குப் போகப்போவதாக லூர்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது சின்னப் பிள்ளைப் பேச்சு. அதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

இதை எனக்காகக் கேட்கவில்லை. அக்காவால் என்னை விட்டுவிட்டு இருக்க முடியாது.